லில்லிக் கிழங்குக்கு ஒரு குளிர்காலம்

முதுகலை தாவரவியலில் என் ஆய்வு லில்லிக் கிழங்கைப் பற்றியது. எட்டு வாரம் குளிரில் கிடந்தால்தான் பனிக்காலம் போய்விட்டதென்று நம்பி அது பூக்கும். சென்னையில் பனிக்காலத்துக்கு எங்கே போவது? கல்லூரி பிரிட்ஜில் இடமில்லை. தேனாம்பேட்டையில் எங்கள் வீட்டு பிரிட்ஜின் காய்கறித் தட்டில் இருபது கிழங்குகளைப் பைகளில் போட்டு அடுக்கினேன். அதில் பத்தை மட்டும் முன்னதாக ஜிப்ரெல்லின் என்னும் ஹார்மோன் கரைசலில் ஊறவைத்திருந்தேன். குளிரோடு அதுவும் சேர்ந்தால் பூ முந்துமா என்பது என் கேள்வி.

"பூண்டு மாதிரியே கீது, கொழம்புல போட்டுடப் போறேன்" என்றார் அம்மா. அவருக்கு எழுத்து தெரியாது என்பதால் பைகளில் மண்டையோடு வரைந்தேன்.

"உங்கப்பா மாரியே கீதுடா!"

ஏழாவது வாரம், ஒரு மதியம் சீக்கிரமே வந்து பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. கிழங்குகள் வியர்த்துக் கிடந்தன. மயிலாப்பூரில் சமையல் வேலை முடிந்து அம்மா வந்ததும் கேட்டேன்.

"நான்தான் நிறுத்துனேன். தினம் நிறுத்திட்டுத்தான் போறேன்."

"தினமுமா?"

"ஆளில்லாத வூட்ல அது யாருக்கு ஓடணும்? ஃபேனை நிறுத்தலேன்னா மட்டும் கத்துற?"

மறுபடி தொடங்கினால் படிப்பு முடிந்துவிடும், பூ வந்திருக்காது. அதைச் சொன்னதும் அம்மாவின் குரல் இறங்கியது. "ஃபெயில் ஆக்கிடுவாங்களா?"

மறைக்க மனம் வராமல் வழிகாட்டிப் பேராசிரியையிடம் சொல்லிவிட்டேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. "எத்தனை மணி நேரம் ஆஃப்? அம்மாவைக் கேட்டு அப்படியே எழுதுப்பா."

காலை ஏழரையிலிருந்து இரண்டு வரை, ஞாயிறு விடுமுறை. எழுதினேன்.

எட்டு வாரம் முடிந்ததும் கிழங்குகளை நட்டேன். ஊறவைக்காத பத்தில் வெறும் இலை. ஹார்மோன் குடித்த பத்தில் ஏழு பூத்தன. குளிரின் குறையை ஜிப்ரெல்லின் ஓரளவு ஈடுகட்டியிருந்தது. குளிர் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் இரண்டு பாதியும் பூத்து, இந்த வித்தியாசமே கண்ணில் பட்டிருக்காது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டார்: "குளிரை இடையில நிறுத்தணும்னு யாருக்குத் தோணுச்சு?"

"எங்கம்மாவுக்கு சார்."

"அவங்க என்ன படிச்சிருக்காங்க?"

"படிக்கல சார். கரண்ட் வீணாகுதுன்னு நிறுத்திட்டாங்க."

பேராசிரியை குனிந்து தாளைப் புரட்டினார். வெளித்தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பாஸ்மா!"

"நெஜமாவா? அப்ப பிரிட்ஜை நிறுத்திக்கட்டா? பயத்துல மூணு மாசமா கையே வைக்கலடா."