பாயில் வைத்த பாதிக் கதிர்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரின் வடபகுதியில், ஒரு செங்கல் வீட்டின் மாடியில் குடியிருந்தாள் ஓஸெல்லா கேட்லின். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அவள் வயிற்றில் பிள்ளை பிறந்ததில்லை. ஆனால் பிள்ளை இல்லாத குளிர்காலத்தை அவள் வீடு கண்டதுமில்லை. பெற்றவர்களிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அரசு அலுவலகத்தார் அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். சில மாதமோ சில வருஷமோ கழித்து வேறிடத்துக்கு அழைத்துப் போவார்கள்.

டிசம்பர் கடைசியில் குவான்சா வரும்; ஆப்பிரிக்க வேர்களை நினைத்துக் கறுப்பினத்தார் ஏழு நாள் கொண்டாடும் பண்டிகை. தெருவிலுள்ள கறுப்பினக் குடும்பங்கள் பாய் விரித்து, ஏழு மெழுகுவர்த்திகளை நிறுத்தி, வீட்டில் இருக்கும் பிள்ளை ஒன்றுக்கு ஒன்றாகக் காய்ந்த மக்காச்சோளக் கதிரை வைப்பார்கள். ஓஸெல்லா, போய்விட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்து வைப்பாள். ஒவ்வொரு காம்பிலும் பிள்ளைக்கு ஒரு நிறமாக நூல் கட்டியிருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சம் அசையும்போது கதிர்களும் மூச்சுவிடுவதுபோல் அவளுக்குத் தோன்றும். தூங்கும் பிள்ளைகளின் முதுகுகள் அப்படித்தான் ஏறி இறங்கும்.

"ஏம்மா, பாய் விரிச்சியா, சோளக்கொல்லையே போட்டுட்டியா?" என்பார் கீழ்வீட்டுத் தியோடிஸ்.

"உங்க வீட்டு ஒத்தக் கதிரப் பாத்துட்டு எலியே பட்டினியா என் வீட்டுக்கு ஏறி வருது. நீங்க பேசுறீங்க!"

அந்த வருஷம் லட்ரீஸ் வந்திருந்தாள். ஒன்பது வயது. அவளுக்கு ஆரஞ்சு நூல். முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய மறுநாள் காலை அந்தக் கதிரை மட்டும் காணோம். படுக்கையைத் தட்டிப் போடும்போது அது தலையணைக்கடியில் கிடந்தது. ஓஸெல்லா ஒன்றும் கேட்காமல் எடுத்துப் பாயில் வைத்தாள். மறுநாளும் அது தலையணைக்கடியில்தான் இருந்தது. பகலெல்லாம் பாயில், இரவெல்லாம் தலையணையடியில் என்று அந்தக் கதிர் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. வெளியே பனி ஓசையில்லாமல் பெய்தது.

இதற்கிடையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. புத்தாண்டு கழிந்ததும் லட்ரீஸைத் தெற்கே மெம்ஃபிஸிலுள்ள அவள் சித்தியிடம் அனுப்புகிறார்களாம். தன் கதிரை இங்கே விட்டுச் செல்லாமல் எந்தப் பிள்ளையும் இந்த வீட்டை விட்டுப் போனதில்லை. இவள் எடுத்துக்கொண்டு போய்விட்டால், பாயில் இவளுக்கென்று ஓர் இடம் இல்லாமலே போய்விடும் என்று ஓஸெல்லா பயந்தாள்.

குவான்சா விருந்து நாளன்று எல்லாரும் தங்கள் கதிர்களைச் சமூகக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிய பாயில் சேர்த்து வைத்தார்கள். பொரித்த மீனும் சர்க்கரைவள்ளிப் பணியாரமும் மணத்தன. லட்ரீஸின் கை மட்டும் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"வச்சிடு, கண்ணு."

"மாட்டேன். நான் போயிடுவேன். இது மட்டும் இங்க தனியா கெடக்கணுமா?"

"தனியா எங்க? இத்தன பேர் இருக்காங்களே." பாயிலிருந்த தன் கதிர்களைக் காட்டினாள் ஓஸெல்லா.

"அவங்க யாரயும் எனக்குத் தெரியாது, மிஸ் ஓஸி."

ஓஸெல்லா பாயருகே மண்டியிட்டு நீல நூல் கட்டிய கதிரை எடுத்தாள்.

"இவன் டெரன்ஸ். முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் மீன் தின்பான், மகாராசா. இந்தப் பச்ச நூலு நோரீன். ஷூவக் கழட்டாமத்தான் தூங்குவா."

"ஷூவோடயா? எதுக்கு?"

"எப்ப வேணா வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு."

லட்ரீஸ் குனிந்து தன் ஷூக்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்த கதிரை வெளியே எடுத்து, முழங்காலில் வைத்துச் சடக்கென்று ஒடித்தாள். சிவப்பும் ஊதாவுமாகச் சோளமணிகள் கூடமெங்கும் சிதறி ஓடின. குழந்தைகள் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

"யாருடி அவ, என் தட்டுல கல்லு எறியிறது?" என்று கத்தினார் தியோடிஸ்.

நூல் கட்டிய பாதியை நோரீனின் கதிரோடு ஒட்டி வைத்தாள் லட்ரீஸ். மற்றப் பாதி கோட்டுப் பைக்குள் போயிற்று.

அடுத்த டிசம்பரில், முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய மாலையில், மெம்ஃபிஸிலிருந்து போன்.

"வச்சாச்சா, மிஸ் ஓஸி?"

"வச்சாச்சு."

"நோரீன் பக்கத்துலயா?"

"அவள இடிச்சுக்கிட்டுத்தான்."

"ஒடஞ்ச பக்கம் எங்க பாக்குது?"

ஓஸெல்லா போன் கம்பியை எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு குனிந்து, அந்தப் பாதிக் கதிரைத் திருப்பி வைத்தாள்.

"தெக்க பாக்குது, கண்ணு. உன் பக்கம்."