வாசலில் பாய் போர்த்தி உட்கார்ந்தவர்

2006-ஆம் வருடம் தவக்காலத்தில் நடந்தது இது. கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. சுனாமி வந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தும் கடலோரக் குப்பங்களில் வீடு கட்டும் வேலை முடிந்தபாடில்லை. யார் யாரோ வெளிநாட்டிலிருந்து வந்து கொஞ்ச நாள் கல் மண் சுமந்துவிட்டுப் போவார்கள். எங்கள் பங்குக் கோவில் வழியாக வந்த ஒரு குழுவுக்குப் பேசிப் புரியவைக்க ஆள் தேவைப்பட்டது. நான் ஒரு மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பங்குச் சாமியார் நேரிலேயே வந்து கேட்டுவிட்டார். பரீட்சை நேரம், வீட்டில் பேப்பர் கட்டு மலையாகக் கிடக்கிறது, ஆனாலும் சாமியாரிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் எனக்கு ஏது?

குழுவைக் கூட்டி வந்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு கன்னியாஸ்திரி. குழுவில் சமோவா தீவிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியும் இருந்தார்கள். சமோவா எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. பள்ளிக்கூட அட்லஸைப் புரட்டினால் பசிபிக் கடல் நடுவில் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இரண்டு புள்ளி. அந்தக் கணவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தச்சு வேலைக்காரர். அவர் ஊரில் அவர் குடும்பத்துக்கே தலைவராம். எங்கள் வாசற்படியில் நின்றால் நிலை முழுக்க அடைத்துக்கொள்ளும் உருவம். நிறம் எங்களைப் போலத்தான், ஆனாலும் குப்பத்து ஜனங்கள் 'வெள்ளைக்காரரு' என்றே கூப்பிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் வெள்ளைக்காரர்தான், அதில் நிறத்துக்கு என்ன வேலை? அதிலும் அவர் எந்நேரமும் லுங்கி மாதிரி ஒரு துணியைத்தான் கட்டியிருப்பார். ஆம்பிளைகளுக்கெல்லாம் ஏக சந்தோஷம். உட்காரும்போது துணி விலகினால் முழங்கால் வரை கறுப்பாகப் பச்சை குத்தியிருப்பது தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் கோவில் மண்டபத்தில் அவர் தன் ஊர்க் கதையைச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கப்பலில் இங்கிலீஷ்காரப் பாதிரிமார்கள் வந்தார்களாம், பின்னாலேயே பிரெஞ்சு சாமியார்களும் வந்தார்களாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமனார், "நமக்கும் அவுங்கதானம்மா வந்தாங்க, கேட்டுப் பாரு, ஒரே கப்பலான்னு" என்றார். மண்டபமே சிரித்தது. அப்புறம் ஜெர்மன்காரர்கள் ஆண்டார்களாம். அவர்கள் போனதும் நியூசிலாந்துக்காரர்கள். அவர்கள் ஆட்சியில் ஒரு கப்பலில் வந்த விஷக்காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிருக்கிறது. கப்பலைத் தடுக்காமல் கரைக்கு விட்டுவிட்டார்கள். பல காலம் கழித்து, இப்போது சில வருடங்களுக்கு முன்னால்தான், நியூசிலாந்துப் பிரதமரே நேரில் வந்து நடந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. சுனாமியில் வாரிக் கொடுத்த ஜனங்கள் ஆயிற்றே, எங்கள் ஆட்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில்தான் அந்தச் சம்பவம். மாமா வழக்கம்போல மீன் வாங்க சைக்கிளில் துறைமுகத்துப் பக்கம் போனார். எதிரில் அந்த சமோவாக்காரர், யாரிடமோ சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரனை அலறவிட்டது. நம் ஊர் மினி பஸ் ஹாரனைப் பற்றித் தெரியாதா, செத்தவனும் எழுந்து ஓடுவான். அவர் பதறிப்போய் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பிய பக்கம் மாமா வந்துகொண்டிருந்த பக்கம். நேராக மோதிவிட்டார். அவருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. மாமா தூக்கியெறியப்பட்டு, தலை மதகுச் சுவரில் அடித்து, அங்கேயே மயங்கிவிட்டார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்தப் பெரிய மனிதர் மாமாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சட்டையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கண் தெரியலையா உனக்கு என்று தமிழிலேயே கத்தினேன். தெரிந்த இங்கிலீஷெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ.

கடலூர் ஆஸ்பத்திரியில் தலைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, மயக்கம் தெளியாததால் ஸ்கேன் எடுக்க வேண்டும், சிதம்பரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வாடகை வேனில் மாமாவைப் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பினோம். அத்தைக்கு மூட்டுவலி, வேனில் ஏறி இறங்க முடியாது. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். புதுச்சத்திரம் தாண்டும்வரை மாமாவின் மூக்கில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாமா என்றால் எனக்கு வெறும் மாமனார் இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் என்னை பி.எட். படிக்கவைத்ததே அவர்தான். "அவ படிக்கட்டும், சோத்தை நான் வடிக்கிறேன்" என்று அத்தையிடமே சண்டை போட்டவர்.

சிதம்பரத்தில் மாமாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரின் செல்போன் அடித்தது. நான் எடுத்தேன். அத்தை. குரலே சரியில்லை.

"ஏம்மா, அந்தத் தடியன் நம்ம வாசல்ல வந்து தலையோட ஒரு பாயைப் போத்திக்கிட்டு ஒக்காந்திருக்கான்டி. கூப்டா நிமுந்து பாக்க மாட்டேங்குறான். ஆஸ்பத்திரியில உசுரோட இருக்கற மனுசனுக்கு இப்பவே எழவு காக்க வந்துட்டானா? பொணத்தைச் சுத்துற மாதிரி பாய் எதுக்குடி?"

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டதாம். இளவட்டங்கள் இழுத்துப் போட்டு ரெண்டு போடலாம் என்கிறார்களாம். நியூசிலாந்து சிஸ்டர்தான் குறுக்கே நின்று தடுத்துக்கொண்டிருக்கிறாராம், ஆனால் அவர் பேசுவது ஒருத்தருக்கும் புரியவில்லை. போனை அந்த சிஸ்டரிடம் கொடுங்கள் அத்தை என்றேன்.

சிஸ்டர் விவரமாகச் சொன்னார். சமோவாவில் இப்படி ஒரு வழக்கமாம். ஒருவரால் இன்னொருவருக்குப் பெரிய கெடுதல் நடந்துவிட்டால், கெடுதல் செய்த குடும்பத்தின் தலைவர், பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாராம். அவர்களிடம் இருப்பதிலேயே உசத்தியான பாயைத் தலையோடு போர்த்திக்கொள்வாராம். ஒரு வார்த்தை பேசமாட்டார். வீட்டுக்காரர்கள் அடிக்கலாம். அந்தக் காலத்தில் வெட்டினாலும் கேள்வி இல்லையாம். அவர்கள் வெளியே வந்து பாயை எடுத்தால் மன்னித்துவிட்டதாக அர்த்தம். எடுக்காதவரை எழுந்திருக்க மாட்டார். வெளியிலிருந்து சர்ச் வந்தது, கோர்ட் வந்தது, போலீஸ் வந்தது, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள், இதை மட்டும் விடவில்லை என்றார் சிஸ்டர். பாயும் சாதாரணப் பாய் இல்லை. தாழை ஓலையைத் துணி மாதிரி மெல்லிசாகச் சீவி மாதக்கணக்கில் பின்னியது. ஆயருக்குக் காணிக்கையாகக் கொடுக்கத் தீவிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்ததாம்.

அத்தையிடம் எல்லாவற்றையும் அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும், "பாயை எடுக்காதீங்க அத்தை. மாமாவுக்கு என்னான்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். உட்காரட்டுமே, எங்கள் வயிறு எரிவது அந்த மனுஷனுக்கும் தெரியட்டுமே என்றுதான் இருந்தது.  அத்தை போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் உட்கார்ந்திருந்த நேரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்போம், வேறு யாரையோ கூப்பிடுவார்கள், உட்காருவோம். என் வீட்டுக்காரர் எதற்கும் கலங்காத மனிதர், அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் டாக்டரம்மா ஒருவர் வந்தார். ஸ்கேனில் உள்ளே ரத்தக்கசிவு எதுவும் இல்லை, அதிர்ச்சியில் வந்த மயக்கம்தான், கண் முழித்துவிட்டார், ஒருநாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்றார். நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போனால் மாமா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "சங்கரா மீனு வாங்குனேனே, எங்கம்மா அது?"

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். அத்தை "ஏசுவே, ஏசுவே" என்று விசும்பினார். ஒருவழியாக நிதானத்துக்கு வந்ததும் நான் பெரிய மனசு பண்ணிச் சொன்னேன்.

"சரி அத்தை, இப்பப் போயி அந்தப் பாயை எடுத்துடுங்க."

"அதை அப்பவே எடுத்துட்டேனே."

"எப்போ?"

"நான் போனை வச்ச ஒடனே. வாசல்ல போயி நின்னு பாத்தா அவன் மட்டுமா இருந்தான்? பின்னாடியே அவன் பொண்டாட்டியும் தலையைக் குனிஞ்சிக்கிட்டு தரையில ஒக்காந்திருக்கா. அவ என்னாடி பண்ணா பாவம்? அவளுக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. எனக்கும் நடுங்குது. எம்புருசனுக்கு என்னா ஆவுமோன்னு நானு, அவ புருசனை என்னா பண்ணுவாங்களோன்னு அவ. வெயிலு வேற ஜாஸ்தி. எடுத்துட்டேன். உள்ள வரச்சொல்லி மோர் குடுத்தேன். ரெண்டு பேரும் இங்கதான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்காங்க."

"அத்தை, மாமாவுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"ஆயிருந்தா பாயைத் திரும்ப அவன் தலையில போட முடியுமா? எடுத்தது எடுத்ததுதான்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வேன் கதவைத் திறந்ததும் அந்த சமோவாக்காரர் யாரையும் கிட்டே விடாமல் மாமாவைக் குழந்தை மாதிரி அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தார். மாமாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "எறக்கி வுடச் சொல்லும்மா, தெருவே பாக்குது" என்றார். அப்புறம், இத்தனை பெரிய ரோடு இருக்க என் மேலேயே ஏன் வந்தாய் என்று கேட்கச் சொன்னார். நானும் கேட்டேன்.

அவர் கூச்சத்தோடு சொன்னார். அவர்கள் நாட்டில் வண்டியெல்லாம் வலது பக்கம்தான் ஓடுமாம். ஜெர்மன்காரர்கள் காலத்தில் பழகியதாம். பின்னால் வந்த நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆனாலும் அவர்களும் மாற்றவில்லை. வந்ததிலிருந்து ஜாக்கிரதையாக இடது பக்கமே போனவருக்கு, ஹாரன் சத்தத்தில் பதறியதும் கை தானாக வலது பக்கம் இழுத்துவிட்டது. மாமா கட்டு போட்ட தலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எந்தக் காலத்துலயோ ஆண்ட ஜெர்மன்காரன், கடலூர்ல வந்து என்னைத் தள்ளிவுட்டுட்டானே!" நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த மனிதரும் சிரித்தார். நடந்ததற்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சில வருடங்கள் கழித்து, சமோவாவில் எல்லோரும் இடது பக்கம் மாறிவிட்டார்கள் என்று பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. மாமா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டி, "என் மண்டை ஒடஞ்சப்புறந்தான் அவுங்களுக்குப் புரிஞ்சிருக்கு" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

எனக்கும் சின்னச் சின்னக் கோபங்கள் வராமல் இல்லை. யார் மேலாவது மனஸ்தாபம் வந்தால், முதலில் எல்லாம் சரியாகட்டும், அப்புறம் மன்னிப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றுதான் என் புத்தி இன்றைக்கும் கணக்குப் போடுகிறது. மாமா பிழைத்ததற்கு அன்றைக்குச் சொன்ன நன்றியை இன்றும் தினம் ஜெபத்தில் சொல்கிறேன். ஆனால் அவர் பிழைப்பாரா என்று தெரியாமலேயே அத்தை வாசலில் இறங்கி அந்தப் பாயை எடுத்துவிட்டார் என்று நினைக்கும்போது, என் நெஞ்சில் இருக்கிற பாரமும் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.