நான் கேட்டது ஆம்பளைத் தோள்

செல்வி செத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

போன ஐப்பசி அடைமழை. கம்பத்துக்கு மேலே மலைக்குடியில் பிள்ளை இறங்காமல் வலியில் கிடந்தாள். அந்தப் பளியர் பழங்குடிக் குடிசைகளுக்கு இன்றுவரை ரோடு கிடையாது. ஓட்டுக் கேட்க மட்டும் எல்லாருக்கும் வழி தெரிகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற கிழவி. யானை நடமாடும் அந்தத் தடத்தில் அரிசியும் மாத்திரையும் சுமந்துபோய் வருகிறேன். எவன் வாசலிலும் கைகட்டி நின்றவள் இல்லை.

கம்பில் கம்பளியைக் கட்டி, டோலியில்தான் அவளை ஜீப் ரோட்டுக்கு இறக்க வேண்டும். குடியின் ஆண்கள் எஸ்டேட்டில் தங்கி வேலை பார்க்கிறார்கள். போனில் பேசிய அதிகாரி, “மழை விடட்டும் பாட்டி” என்றார். பிரசவ வலி மழையைக் கேட்டா வருகிறது?

ரோட்டுக்கு ஓடிவந்து ஒரு ஜீப்பை மறித்தேன். டோலி என்றதும் உள்ளே இருந்த ஆண்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் பக்கம் கம்பு கட்டித் தூக்குவது பாடையைத்தான்.

“வேலைக்குப் போற நேரத்துல பாடை தூக்கவா கூப்பிடுற ஆத்தா? வெளங்குமா?”

போய்விட்டார்கள். நடுரோட்டில் நின்று அழுதேன். நான் கும்பிடும் குச்சனூர்ச் சனீஸ்வரனையே திட்டினேன்.

“சனிக்கிழமை தவறாம எள்ளு விளக்குப் போட்டேனே, சனீஸ்வரா! நாலு ஆம்பளைத் தோளு குடுக்க ஒனக்கு வக்கில்லையா?”

அடுத்த ஜீப் வந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள், மூச்சுவிட இடமில்லாமல். முன்னால் இருந்த பேச்சியம்மா என்னிடம் விஷயத்தைக் கேட்டாள். “எறங்குங்கடி” என்றாள்.

டிரைவர் பதறினான். “மதினி, பொம்பளையாளு பாடைக் கம்புக்குத் தோள் குடுக்குறதா? ஊருக்கே ஆகாது!”

“ஏலே, உசுரோட இருக்கவளத் தூக்குனா எப்பிடிடா பாடையாகும்? ஏலக்கா மூட்டை தூக்கையில மட்டும் இது பொம்பளைத் தோளுன்னு ஒனக்குத் தெரியலையாக்கும்!”

எல்லாரும் இறங்கினார்கள். அன்றைய வேலை போனது. ஓடையில் இடுப்பளவுத் தண்ணீர். கைகோத்து, தோள் மாற்றி, செல்வியை இறக்கினார்கள். அதே ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

இப்போது மலைக்கு நான் தனியாகப் போவதில்லை. அந்தப் பெண்களும் வருகிறார்கள். ரோடு மட்டும் இன்னும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

குச்சனூரானைக் கும்பிடும் சனங்களே, நம்பிக் கேளுங்கள். கட்டாயம் ஆள் அனுப்புவான். ஆனால் வழியில் ஒருத்தி கைகாட்டி நின்றால், அவன் அனுப்பிய ஆள் நீங்கள்தான். வண்டியை விட்டு இறங்குங்கள்.