நாலு பேர் துண்டு போட்ட இருக்கை

"டிக்கெட் முப்பத்தொன்பதாயிரம் காட்டுது," என்றார் லென்ஸ் தேய்ப்பவர், சுழலும் கல்லிலிருந்து லென்ஸை எடுக்காமலே.

கண்ணாடிக் கடையின் பின்னறை. போன் பிரேம் பெட்டிமேல் சாய்ந்திருந்தது. பில் போடுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தானே முப்பத்தொண்ணுன்னீங்க?"

"காப்பி குடிக்கிறப்போ முப்பத்தொண்ணு. டம்ளரைக் கழுவுறதுக்குள்ள முப்பத்தஞ்சு."

"கழுவாம வச்சிருக்கணும்ணே."

அவர் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் ஊரார் பார்வைக்கு லென்ஸ் தேய்ப்பவர். கடல் தாண்டிய ஊரில் அவருடைய அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வியாழன் காலை இதய வால்வு மாற்றுகிறார்கள். தம்பி முகத்தை நேரில் பார்க்காமல் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம். அந்த நாளை விட்டால் அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்து; அதுவரை தாங்காது என்றார் டாக்டர். இன்று செவ்வாய். நாளைக் காலை ஒரு நேர் விமானம். போன வருஷம் அதே பயணம் பதினெட்டாயிரம். இப்போது மகளிடமும் முதலாளியிடமும் வாங்கிச் சேர்த்து வங்கியில் வைத்திருந்தது முப்பத்தைந்து.

நாலு இடத்தில் விசாரிக்காமல் கீரைக்கட்டு வாங்காத குடும்பம் அது. பிரிட்ஜ் வாங்கும்போது நாலு பேரும் நாலு கடைக்குப் போய், விலை குறைந்த கடையில் வந்து கூடினார்கள். இன்றும் அப்படியே பிரிந்து தேடினார்கள். வீட்டில் மனைவி, ஆபீஸில் மகள், அக்கரையில் அக்கா மகன், இங்கே இவர்.

மகளைக் கூப்பிட்டார்.

"எனக்கு முப்பத்தஞ்சுப்பா. உங்க பேரு, பாஸ்போர்ட் நம்பரு எல்லாம் போட்டு, பணம் மட்டும் கட்டாம நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க கம்மியா பிடிச்சா விட்டுடறேன்."

அக்கா மகனும் அதையே சொன்னான். "முப்பத்திமூணு மாமா. அமுக்கி வச்சிருக்கேன்."

பில் பெண் தலையில் கை வைத்தாள். "ஏண்ணே, பஸ் ஜன்னல்ல துண்டு போடுற மாதிரி ஆளாளுக்கு ஒரு சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்கீங்க. மலிவு சீட்டெல்லாம் உங்க வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. மிச்சத்துக்கு விலை ஏறாம என்ன பண்ணும்?"

கல்லை நிறுத்தினார். லென்ஸின் ஓரம் தேவைக்கு மேல் தேய்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் மறுபடி போன் செய்து, "விட்டுடுங்க, உடனே விட்டுடுங்க, விலை இறங்கட்டும்," என்றார். பிறகு மனைவியை அழைத்தார்.

"நான் முப்பத்தொண்ணுல வச்சிருக்கேங்க. மேல கடிகாரம் ஓடுது. இன்னும் ரெண்டு நிமிஷம்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க அதவிடக் குறைச்சுப் பிடிப்பீங்கன்னு இருந்தேன்."

"கட்டிடு!"

"எதை வச்சு? கார்டு உங்க சட்டைப் பையில."

பதினாறு எண்களையும் வாசித்தார். அவள் திருப்பிச் சொன்னபோது ஒன்று மாறியிருந்தது. மறுபடி வாசித்தார். அவருடைய போனுக்கு ரகசிய எண் வந்தது. அதையும் சொன்னார்.

"சுத்துதுங்க."

"சுத்தட்டும். தொடாதே."

போன் அதிர்ந்தது. கணக்கிலிருந்து முப்பத்தோராயிரம் எடுக்கப்பட்டது என்று செய்தி.

"பணம் போயிடுச்சு. டிக்கெட் வந்துடுச்சா?"

"நேரம் முடிஞ்சுதுன்னு வருதுங்க."

உதவி எண்ணில் நாற்பது நிமிடம் இசை கேட்டார். ஏழு நாளில் பணம் திரும்பும் என்றாள் ஒருத்தி. கணக்கில் நாலாயிரம் மிச்சம். அதே விமானம் இப்போது நாற்பத்திரண்டு. அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை. அக்கா மகன் ஆஸ்பத்திரிக்கே எல்லாவற்றையும் கொட்டியிருந்தான்.

அக்காவிடம் அவரே சொன்னார்.

"டிக்கெட் வாங்கத் தெரியாதவன், ஊருக்கெல்லாம் கண்ணு குடுக்கிறானாம்," என்றாள். மூச்சு இரைத்தது.

"கையெழுத்துப் போட்டுடுக்கா."

"நீ வா. போடறேன்."

"அடுத்த தேதி வரைக்கும் உன்னால..."

"எனக்குத் தெரியும்." போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் புதன். விமானம் காலை ஒன்பது ஐந்துக்குக் கிளம்பியது. அவர் ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தார். பதினொன்றுக்கு அக்கா மகன் வீடியோவில் கூப்பிட்டு, போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அவள் ஏறக்குறைய ஒரு நிமிடம் பார்த்தாள். சவரம் பண்ணலையா என்று கேட்டாள். இல்லை என்றார். பேனா கேட்டாள். முதல் பேனா எழுதவில்லை. நர்ஸ் வேறொன்று கொடுத்தாள். சம்மதத் தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் வரை அவர் ஏழு ஜோடி லென்ஸ் தேய்த்தார். ஆறு மணிக்கு மழை பெய்தது. எட்டரைக்குக் கடையை மூடினார்கள்.