தங்கம் சுமந்த தண்ணீர்

சரக்... டொக். சரக்... டொக். நேற்று இருட்டியதும் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்ட சத்தம் இது. கணவருக்கு ரயில்வேயில் இரவு டியூட்டி. கைக்குழந்தையும் நானும் மட்டும்தான்.

வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட சகோதரிகளே, என் பிழைப்பைக் கேளுங்கள். நான் பாறைகளை ஆராய்பவள். தங்கம் தேடுவதில்லை; பூமிக்கடியில் தங்கத்தைக் கரைத்துக் கொண்டுவந்த வெந்நீர் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறேன். பாறைப் பிளவில் தங்கத்தை விட்டுவிட்டு அந்தத் தண்ணீர் போய்விடும். கூடவே உறைந்த வெள்ளைக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாகக் கொஞ்சம் மிஞ்சும். அதிலிருக்கும் ஹைட்ரஜனில் எடை குறைந்தது, கூடியது என்று ஐசோடோப்புகள் உண்டு. எது எவ்வளவு என்று பார்த்தால் மழைநீரா, ஆழத்து நீரா என்று ஜாதகமே கணிக்கலாம். கணிக்க விட்டால்தானே!

ஆட்டோவில்

இரண்டு மூட்டைக் கல்லை ஜங்ஷனில் ஆட்டோவில் ஏற்றினேன். "என்னம்மா இவ்ளோ வெயிட்டு?" என்றார் டிரைவர். அங்கேதான் வாயை விட்டேன். தங்கச் சுரங்கத்துக் கல், ஆனால் எனக்கு அதிலுள்ள தண்ணீர் போதும் என்று வீடு வரும்வரை பாடம் எடுத்தேன். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அவர் சொன்னார்: "தங்கத்த வுட்டுட்டுத் தண்ணியத் தேடுறீங்களா? எங்க வூட்டு போருல ஒரு வருசமா தண்ணி வரல, அதயும் கொஞ்சம் பாருங்கம்மா."

சூளையில்

ஒரு மூட்டையைப் பொடியாக்கித் தரச் சொல்லிப் பீங்கான் பட்டறையில் கொடுத்தேன். மறுநாள் போனால், மாவு மாதிரி அழகாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே அழகாக. "சுட்டீங்களா?" என்றேன். "பின்ன? இந்தக் கல்லச் சூளையில போட்டு எடுத்தாதாம்மா பதமா ஒடையும். இங்க எல்லாருமே அப்படித்தான்" என்றார் மேஸ்திரி. குமிழியெல்லாம் வெடித்து, எனக்கு வேண்டிய தண்ணீர் ஆவியாகப் போயிருந்தது. அழாத குறையாக அதைச் சொன்னேன். அவருக்கு மனத்தாங்கல்: "ஒரு பொட்டு ஈரம் இல்லாமக் காயவச்சுக் குடுத்திருக்கேன், அதுக்குப் போயி கோச்சுக்கிறீங்களே!"

எதிர்வீட்டு அக்கா

கல் சூளைக்குப் போன செய்தி, நான் தங்கம் உருக்கிய செய்தியாகத் தெருவுக்கு வந்துசேர்ந்தது. எதிர்வீட்டு அக்கா டம்ளரில் சர்க்கரை வாங்கும் சாக்கில் வந்து, பீரோவைப் பார்த்தார், கட்டிலுக்கடியில் பார்த்தார், கடைசியில் குழந்தையைப் பார்த்தார். "ஏம்மா, அவ்ளோ தங்கத்த உருக்கி வச்சுக்கிட்டு, புள்ள இடுப்புல கறுப்புக் கயிறு கட்டியிருக்கியே, மனசு வருதா ஒனக்கு?"

கொல்லையில்

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேர், முகத்தில் துண்டு. கொல்லையில் போட்டுவைத்திருந்த, சுடாமல் மிஞ்சிய மூட்டையைப் பிரித்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாக உரசிக்கொண்டிருந்தார்கள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், கான்வென்ட் படிப்பு, "எக்ஸ்கியூஸ் மீ, யாருங்க?" என்றுதான் வந்தது. அவர்கள் ஓடவில்லை. ஒருவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான்: "பயப்படாதீங்கம்மா, சாரு டூட்டிக்குப் போயிட்டாருன்னு தெரிஞ்சுதான் வந்தோம். வெளிய ஒண்ணும் இல்லன்னா உள்ள வந்து கேக்குறோம்."

எதிர்வீட்டு விளக்கு எரிந்ததும் சுவரேறிப் போய்விட்டார்கள். மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டேன். எந்தக் காலத்திலோ பாறைக்குள் புகுந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, சுவரேறி வந்த இருவரும் எந்தத் தெருவென்று சொல்லத் தெரியாததால், கொல்லைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.