வசுமதியும் வரித்தலை வாத்தும்

வசுமதி இறந்துவிட்டார்.

இன்று விடியற்காலை. அடையாற்றில், மகள் வீட்டில். சற்றுமுன்தான் மகள் தொலைபேசியில் சொன்னாள்.

'இயற்கை எய்தினார்' என்று எழுதக் கை போனது... நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அப்படிச் சுற்றிச் சொல்வது பிடிக்காது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஒரே கல்லூரியில் பணியாற்றினோம். அவர் விலங்கியல், நான் தமிழ். பகலில் வகுப்பு, மாலையில் மேடை என்று நான் முழங்கித் திரிந்த காலம்.

வலசை வரும் பறவைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்தன. ஏன் என்பதுதான் வசுமதியின் கேள்வி. "எங்க சாகறதுன்னே தெரியாம, ஏன் குறையறதுன்னு எப்படி சார் சொல்றது?" என்பார்.

அதற்காக நெடுநாள் அலைந்து இசைவு பெற்றார். தென்மாவட்டத்து ஏரியொன்றில் குளிர்காலத்தைக் கழிக்க இமயம் தாண்டி வந்திருந்த வரித்தலை வாத்து ஒன்றைப் பிடித்து, அதன் முதுகில் சிறு கருவியைப் பொருத்திப் பறக்கவிட்டார். கருவி விண்ணுக்குக் குறிப்பு அனுப்பும். செயற்கைக்கோள் அதைப் பெற்று, வாத்து இருக்கும் இடத்தைச் சொல்லும்.

அவருக்குக் கிடைத்தது ஒரே கருவி. ஒரே வாத்து.

இடக்குறிப்பு கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைநகலில் வரும். ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு நிலப்படம், அதில் ஒரு குண்டூசி. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் ஆளாளுக்குக் கேட்பார்கள்... "இன்னிக்கு வாத்து எங்க மேடம்?"

நான் சும்மா இருப்பேனா. மந்தைவெளியில் ஒரு தெருமுனைக் கூட்டம். கடவுச்சீட்டு இன்றி எல்லை கடக்கும் அந்தப் பறவையை மேடையேற்றிவிட்டேன். இமயத்தின் முடிமேல் அது சிறகடிப்பதாக முழங்கினேன். நல்ல கைதட்டல்.

மறுநாள் காலை வசுமதி என் மேசைமுன் வந்து நின்றார். அவர் வீடும் மந்தைவெளிதான்.

"உங்க மைக் செட் நேரா எங்க ஆத்துக் கூடத்துலதான் வந்து பேசறது சார். என் வாத்து இன்னும் ஒரிசாவையே தாண்டலை. நீங்க நேத்திக்கே இமயமலையைத் தாண்ட வெச்சுட்டேள்."

"அம்மையீர், அது உரைநயம்..."

"அம்மையீர்னு கூப்பிடாதேங்கோ. அம்மை போட்டவாளைக் கூப்பிடற மாதிரி இருக்கு. வாத்தைப் பத்திப் பேசணும்னா என்னைக் கேட்டுண்டு பேசுங்கோ."

அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. கூட்டத்துக்குப் புறப்படுமுன் அவரிடம் கேட்டறிந்து, மேடையில் வாத்து இருக்கும் ஊரைச் சொல்வேன்.

நொச்சிக்குப்பத்து மீனவர் தேசப்பன் எப்போதும் முன்வரிசை. நான் வாய் திறக்குமுன்பே குரல் வரும். "தலைவரே, மத்ததெல்லாம் அப்பால பேசிக்கலாம். நம்ம வாத்து எங்க கீது, அத்த சொல்லு மொதல்ல."

பிறகு, குண்டூசி நகராத நாள்கள் வந்தன.

கங்கைக்கு வடக்கே, வயல்வெளி. மறுநாளும் அதே இடம். அதன் பின்னும் அதே இடம். களைப்பாறுகிறது என்றார் ஒருவர். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றார் இன்னொருவர்.

"பேட்டரி போயிருந்தா ஒண்ணுமே வந்திருக்காதே," என்றார் வசுமதி, நிலப்படத்தைப் பார்த்தபடியே.

கருவி தன் வெப்பநிலையையும் சேர்த்தே அனுப்பும். இரவில் அது வயல் மண்ணின் குளிருக்கு இறங்கியிருந்தது. உயிருள்ள உடம்பின்மேல் இருக்கும் கருவி அவ்வளவு குளிராது.

அன்று மாலை எனக்குக் கூட்டம். பூச்சிக்கொல்லி என்று ஒரு வீச்சு, வேட்டைத் துப்பாக்கி என்று மறுவீச்சு... உரை உள்ளே கனன்றுகொண்டிருந்தது. மேடைப்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து யாரோ அழைத்தார்கள். வசுமதி. கூட்டத்துக்கு அவர் வந்தது அதுவே முதல்முறை.

"என்ன சொல்லப் போறேள்?"

சொன்னேன்.

"வேண்டாம் சார். செத்துப்போச்சுன்னு சொல்லுங்கோ. எங்கன்னு சொல்லுங்கோ. ஏன்னு தெரியலைன்னு சொல்லுங்கோ. அவ்ளோதான் நமக்குத் தெரியும்."

"மக்கள் காரணம் கேட்பார்களே."

"எனக்கும்தான் வேணும். இன்னிக்கு நீங்க ஒரு காரணத்தைக் கையில குடுத்துட்டா, நாளைக்கு யாரு சார் போய்த் தேடுவா?"

குரல் உயரவே இல்லை. சேலைத் தலைப்பை மட்டும் விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

மேடையேறினேன். தேசப்பன் வழக்கம்போல் கேட்டார்.

நம் வாத்து இறந்துவிட்டது. கங்கைக்கு வடக்கே, ஒரு வயலில். ஏனென்று தெரியவில்லை.

தேசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "யார்னா போய்ப் பாத்தாங்களா தலைவரே?"

நான் வசுமதி நின்ற பக்கம் திரும்பினேன்.

"நான் போறேன்." மேடைக்குக் கீழே, ஒலிவாங்கி இல்லாமல், வசுமதி சொன்னார்.

போனார். விடுப்பு எடுத்துக்கொண்டு, சென்ட்ரலில் ரயிலேறி, மொழி தெரியாத ஊரில் வரப்பு வரப்பாக நடந்து தேடினார். கருவியும் கிடைக்கவில்லை, இறகும் கிடைக்கவில்லை. வெயிலில் கறுத்துத் திரும்பி வந்து, மறுநாளே வகுப்பெடுத்தார். அந்தக் குண்டூசியைக் கடைசிவரை எடுக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு கருவி, இன்னொரு வாத்து. தொலைநகல் தாளோடு ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "தாண்டிடுத்து சார் இமயமலையை. இப்போ முழங்கிக்கோங்கோ."

முழங்கினேன். தேசப்பன் எழுந்து நின்று கைதட்டினார்.

மகள் தொலைபேசியில் சொன்னாள். "அம்மா நேத்து ராத்திரி நன்னா சாப்ட்டுட்டுத்தான் படுத்துண்டா மாமா. கார்த்தால எழுந்துக்கலை. டாக்டருக்கும் என்னன்னு சொல்லத் தெரியலை." மாலையில் பெசன்ட் நகர் மயானத்தில் நான் பேச வேண்டுமாம்.

பேசுவேன். இங்கே எழுதுவதையேதான் அங்கேயும் சொல்லப்போகிறேன்.

வசுமதி இறந்துவிட்டார். அடையாற்றில், மகள் வீட்டில். ஏனென்று தெரியவில்லை.

போய் வாருங்கள், அம்மையீர்.