அவள் கொடுத்த மாத்திரை

என் தம்பி குமரன் இன்று பேச்சிழந்து கிடப்பதற்கு நான்தான் காரணம். அவன் மனைவி அல்ல. உறவினர்கள் அவளைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும் என்று விட்டவளும் நான்தான்!

ஜார்ஜ் டவுனில் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். குமரன் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவன். முதல் மனைவி இறந்தபின், ஐம்பதைத் தாண்டிய வயதில் மாலதியைக் கட்டிக்கொண்டான். வீடு அவன் பெயரில் இருந்ததே... அதற்காகத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.

போன வருடம் அவனுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கண்டுபிடித்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. அதை மாலதி தன் கையால்தான் கொடுப்பாள். கீரையைக்கூட அளந்து சமைத்தாள். ஏன் என்று கேட்டால், "டாக்டர் சொன்னாருக்கா" என்பதோடு சரி.

பிறகு அவன் கைகளில் அடிபட்டாற்போல் நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ரத்தம். அடிக்கிறாளா? எதையாவது கலந்து கொடுக்கிறாளா? மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் தேடினேன். எலியைக் கொல்லவும் இதே மருந்துதான் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்! டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... என் சந்தேகம் பொய்யாகிவிடும் என்று பயந்தேனா?

மாலதி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எலி மருந்துடா தம்பி. உன் கையப் பாரு. அவ குடுத்தா வாயில போட்டுக்கோ, அப்புறம் துப்பிடு."

"தெரிஞ்சா சண்டை போடுவாக்கா."

"அவகிட்ட ஏன் சொல்ற? சொல்லாத லா."

சிறு வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவன். துப்பினான். நீலத் திட்டுகள் மறைந்தன. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்...

சில வாரங்கள் கழித்து, காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனின் வாய் கோணியது. வலது கை தொங்கிவிட்டது.

இதயத்தில் தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விட்டது என்றார் மருத்துவமனை டாக்டர். அதைத் தடுக்கத்தான் அந்த மாத்திரையாம். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு எளிதில் கன்றிப்போகுமாம். கீரையையும் அளவோடுதான் கொடுக்க வேண்டுமாம்.

"ரத்தத்துல மருந்து வேலை செஞ்ச மாதிரியே தெரியலையே. ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"நான்தான் டாக்டர் தினமும் கையில குடுப்பேன்" என்றாள் மாலதி.

வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை நாளும் நான் பார்த்த அதே பார்வை! நான் வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பியபின் ஒருநாள், அவன் துணிகளை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"எப்பவாச்சும் நான்தான் மறந்துட்டேனாக்கா?"

"இருக்கலாம்" என்றேன்.

மற்றதையெல்லாம் அறியாமை என்று நீங்கள் மன்னித்தாலும், அந்த ஒரு சொல்லை மன்னிக்காதீர்கள். தெரிந்தேதான் சொன்னேன்.

இப்போது அவனுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. நானும் கூடவே போய் உட்காருகிறேன். பாசத்தில் வருகிறேன் என்று மாலதி நினைக்கிறாள். என்ன சொல்லிவிடுவானோ என்று அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்... இதுவா பாசம்?

முதலில் "தண்ணி" வந்தது. நேற்று, இடக்கையால் மாலதியின் கன்னத்தைத் தொட்டு, மெல்ல மெல்லச் சொன்னான்.

"நீ... இல்ல... நீ இல்ல..."

அவள் என்னிடம் திரும்பினாள். "என்னக்கா சொல்றாரு?"

"தெரியலையே" என்றேன்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.